பியானோவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

1957 செப்டம்பர் 14, சனிக்கிழமை மாலை, நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுமைன் தெருவில் ஓர் இசை மண்டபத்துக்குள் போலீசார் நுழைந்து ஏழு பேரைக் கைது செய்தனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்துப் பொது அமைதியைக் குலைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

மேடையில் வெள்ளையர் யாரும் இருக்கவில்லை. போலீஸ்காரர்கள் வெள்ளையன் என்று எண்ணியது கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த எவரிஸ்த் ரோஷோனை. சாம்பல் நிறக் கண், படிய வாரிய செம்பட்டை முடி, வெயில் பட்டால் சிவக்கிற தோல். அவன் பிறந்த ஏழாவது வார்டில் இப்படித் தெருவுக்கு நான்கு வீடு இருந்தது. முன்னோரில் ஒரு கறுப்பர் இருந்தால் போதும் என்ற சட்டப்படி, பாட்டன் காலத்திலிருந்து எல்லோரும் கறுப்பர்கள், அங்கே யாரும் யாரையும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. வார்டை விட்டு வெளியே வந்தால்தான் வம்பு.

காவல் நிலையத்தில் சார்ஜெண்ட் மற்ற ஆறு பேரையும் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு எவரிஸ்துக்கு மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க சார். பாத்தா நல்ல குடும்பத்து ஆளாத் தெரியுறீங்க. இவனுங்களோட உங்களுக்கு என்ன சகவாசம்? வடக்கேருந்து வந்திருக்கீங்களா?"

"நான் செயின்ட் ஆன்டனி தெரு. பொறந்து வளந்தது எல்லாம் அங்கதான்."

"அங்க கறுப்பனுங்கல்ல இருக்கானுங்க?"

"நானும் கறுப்பன்தான்."

சார்ஜெண்ட் பேனாவைக் கீழே வைத்தான். சுவரோரம் நின்ற குழுத் தலைவர் நூமா டெலிலை ஒருமுறை பார்த்தான், எவரிஸ்தை ஒருமுறை பார்த்தான். சிரித்தான்.

"வெள்ளைக்காரன்னு பொய் சொல்லி மாட்டினவன் நூறு பேரப் பாத்திருக்கேன். கறுப்பன்னு பொய் சொல்றவன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"பொய் இல்ல. அந்தா நிக்கிறாரே, அவரு என் மச்சான். அவரு தங்கச்சியைத்தான் கட்டியிருக்கேன்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. சார்ஜெண்டின் சிரிப்பு நின்றது.

"அடப்பாவி, அப்ப அது இதவிடப் பெரிய கேஸ். வெள்ளைக்காரன் கறுப்பியக் கட்டினா அஞ்சு வருசம் உள்ள போகணும். எந்திரிடா நாற்காலிய விட்டு."

அத்தோடு 'சார்' போயிற்று. ஆனால் அறைக்குள் தள்ளும் நேரத்தில் சார்ஜெண்டுக்கு மறுபடியும் குழப்பம். தவறான அறையில் போட்டால் நாளைக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். எவரிஸ்தை வெள்ளையர் அறையில் போட்டுப் பூட்டினான்.

நடைபாதையின் மறுகோடியிலிருந்து டிரம் வாசிக்கிற ஓவிடின் குரல் வந்தது. ஓவிட் கதவுகளில் பக்கவாட்டில் நுழைய வேண்டிய ஆள். குரலும் அதற்கேற்ற குரல்.

"எவரிஸ்த்! அங்க பஞ்சு மெத்தையாமே?"

"மூட்டப்பூச்சிடா."

"வெள்ளை மூட்டப்பூச்சியா?"

ஆறு பேரும் சிரிப்பது கேட்டது. எவரிஸ்தும் சிரித்தான். பிறகு பலகையில் படுத்துக்கொண்டு, அந்த அறைக்கு ஆறு பேரின் சிரிப்பு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று யோசித்தான்.

திங்கட்கிழமை நீதிபதி எல்லோரையும் எச்சரித்து விடுவித்தார். எவரிஸ்த் யார் என்று தீர்மானிப்பது தன் வேலையில்லை என்றார். அமைதி குலைவது பார்க்கிறவன் கண்ணால்தான், பார்க்கிறவனுக்கு அவன் எப்படித் தெரிகிறான் என்பதே விஷயம் என்றார். அடுத்த வழக்கை அழைத்தார்.

எவரிஸ்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பகலில் சுவர்ப் பூச்சு வேலை. அவனுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் அதே தொழில்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் லாஸ் ஏஞ்சல்சுக்கு ரயிலேறிப் போய் இறங்கியபோது வெள்ளைக்காரர்களாக இறங்கினார்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அம்மா இறந்தபோது தந்தி கொடுத்தும் வரவில்லை. கறுப்பர் கல்லறையில் நிற்பதை யாராவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது? அன்று சவப்பெட்டிக்கு முன்னால் நூமாவின் குழு வாசித்துப் போயிற்று. மகன்களில் எவரிஸ்த் மட்டும் அந்தக் குழுவுக்குள்ளே நடந்தான்.

அவன் ஏன் ரயிலேறவில்லை என்று கேட்டவர்களுக்கு அவன் சரியாகப் பதில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நூமாவின் வலப்பக்கத்து நாற்காலியைத்தான் சொல்லியிருக்க வேண்டும். தாள் வைத்து வாசிக்கிற சங்கீதமில்லை அது. நூமா கார்னெட் என்கிற குட்டை ஊதுகொம்பில் மெட்டைச் சொல்லிக்கொண்டு போவார். டிராம்போன் அடியில் உறுமிக்கொண்டு வரும். கிளாரினெட் இரண்டுக்கும் மேலே சுற்றிச் சுற்றி ஏற வேண்டும், மெட்டின் மீது ஏறி மிதித்துவிடக் கூடாது. நூமா எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று எவரிஸ்துக்குத் தெரியும். அந்த இடுக்கில் நுழைந்து, அவர் திரும்பி வருவதற்குள் வெளியே வந்துவிடுவான். இருபது வருடத்துக்கு மேல் அப்படி. மெட்ராஸ் சங்கீதக்காரர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிற வழக்கமெல்லாம் அங்கே இல்லை. மூன்று பேரும் முன்னால் பார்த்தபடிதான் வாசிப்பார்கள்.

மண்டபத்தை நடத்தியவன் கெஸ்லர், ஒஹாயோவிலிருந்து வந்த இருபத்தெட்டு வயது வெள்ளைக்காரன். பழைய குழுக்களின் இசைத்தட்டுகளைத் தேடித் தேடி, கடைசியில் அவற்றை வாசித்தவர்களையே தேடி வந்தவன். ஒரு பழைய கடையை வாடகைக்குப் பிடித்து, பெஞ்சு போட்டு, குடிக்க எதுவும் விற்காமல், சங்கீதத்தை மட்டும் கேட்கச் செய்தான். கேட்க வடக்கேயிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கப்பல்துறையில் முப்பது வருடம் வாழைத்தார் சுமந்த நூமா, அறுபதாவது வயதில் முதல்முறையாகத் தன் முன்னால் ஜனங்கள் வாய்பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

கைதுக்குப் பிறகு கெஸ்லர் எவரிஸ்தைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாகத்தான் கூப்பிட்டான், ஆனால் மண்டபத்தில் தனி இடம் என்று ஒன்று கிடையாது. ஆறு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்டர் ரோஷோன். எனக்கு உங்க வாசிப்புன்னா உயிர். நாடகத்துல எல்லாம் நடிகருங்க முகத்துக்குப் பூசிக்கிறாங்கல்ல? லேசா. ரொம்ப இல்ல. பாட்டில் கார்க்கைச் சுட்டு, அந்தக் கரிய..."

"யாரு மாதிரி பூசிக்கணும்?"

"யாரு மாதிரியும் இல்ல. உங்க மாதிரியே, கொஞ்சம்..."

"நான் இப்பவே என் மாதிரிதான் இருக்கேன்."

கெஸ்லரின் காது சிவந்துவிட்டது. ஓவிட் மூலையிலிருந்து குரல் கொடுத்தான்: "கார்க் எதுக்கு? எங்கிட்ட மிச்சம் மீதி நெறைய இருக்கு. முதுகுல கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கடா."

இம்முறை யாரும் அதிகம் சிரிக்கவில்லை. நூமா கார்னெட்டின் எச்சில் வடித்துக்கொண்டிருந்தார். வடிப்பதற்கு ஒன்றும் இல்லாத பிறகும் வடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். நிமிர்ந்து நிற்கிற பழைய பியானோவைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அதன் பின்னால் விளக்கு எட்டாத மூலையில் எவரிஸ்துக்கு நாற்காலி போட்டார்கள். சத்தம் வெளியே வரும், ஆள் தெரியமாட்டான். நூமாவின் வலப்பக்கம் காலியாகவே கிடந்தது. வந்தவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, கிளாரினெட் எங்கேயிருந்து வருகிறது என்று தலையை நீட்டித் தேடுவார்கள்.

பியானோவின் முதுகுப் பலகையைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது சுலபமாக இல்லை. கார்னெட் ஒலி சுவரில் பட்டுச் சற்றுத் தாமதமாக வந்தது. மூச்சு வாங்கும் இடம் பிடிபடவில்லை. ஓரிரு முறை நூமா திரும்பி வந்த பிறகும் அவன் இடுக்கிலேயே இருந்து இருவரும் முட்டிக்கொண்டார்கள். அவன் பொறுத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் போலீசுக்கு வேறு வேலை வரும், நாற்காலி பழைய இடத்துக்குப் போகும் என்று மனைவி லியோன்டீனிடம் சொன்னான். அவள் தையல் மிஷினை விட்டுத் தலை தூக்காமல் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஊரில் எல்லாக் குழுவும் வாசிக்கிற பழைய அணிவகுப்பு மெட்டு ஒன்று உண்டு. அதன் நடுவில் ஒரு பகுதி, முதலில் பிக்கோலோ என்கிற சின்னக் குழலுக்கென்று எழுதப்பட்டது. நெல் பொரிகிற மாதிரி சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிதறும். எப்போதோ அதைக் கிளாரினெட்காரர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் கிளாரினெட்காரனா இல்லையா என்பதற்கு அந்த ஊரில் அது ஒன்றுதான் பரீட்சை. அந்த இடம் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். காலொடிந்தவனும் சாராயத்தில் மூழ்கினவனும்கூட எழுந்து நின்றுதான் வாசித்திருக்கிறார்கள். உட்கார்ந்து வாசித்த ஒருவனை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த மெட்டைத் தொடுவதில்லை என்று பேச்சு. அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, முன் பெஞ்சில் விஸ்கான்சினிலிருந்து வந்த ஒரு கிழவர் எழுந்து, இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று அந்த மெட்டின் பெயரைச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. நூமாவுக்குக் கைதட்டல் பிடிக்கும். காலால் தரையில் இரண்டு தட்டு தட்டினார். அவர் காலைத் தட்டிவிட்டால் குழு புறப்பட்டுவிடும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

எவரிஸ்துக்கு அந்த இடம் வருவது தெரிந்தது. உட்கார்ந்தே வாசித்துவிட வேண்டும் என்று முழங்கால்களை இறுக்கிக்கொண்டதாகப் பிறகு சொன்னான். முதல் சுரம் வெளியே வந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். பியானோவுக்கு மேலே தலையும் தோளும் தெரிய, பெஞ்சிலிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். இத்தனை வாரம் சுவரில் பட்டு வந்துகொண்டிருந்த கார்னெட் நேராகக் காதில் விழுந்தது. அவன் ஒருமுறை வாசித்து முடித்து, வழக்கப்படி இரண்டாவது முறையும் வாசித்தான். அவன் அதைவிட நன்றாக வாசித்து யாரும் கேட்டதில்லை என்று ஓவிட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

கதவருகே தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ் அதிகாரி நின்றிருந்தார். மெட்டு முடியும்வரை அவரும் காலால் தாளம் போட்டார். முடிந்ததும் கெஸ்லரைக் கூப்பிட்டு, அந்த ஆள் இன்னொருமுறை இந்த மேடையில் தெரிந்தால் மண்டபத்துக்குப் பூட்டு, வாசிக்கிறவர்கள் ஏழு பேருக்கும் ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஓவிட் வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். அடுப்பில் சிவப்புப் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவில் ஒருவனைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஓட்டெடுத்துத்தான். தலைவனுக்கும் ஒரு கைதான், மற்றவர்களுக்கும் ஒரு கைதான். யாரைப் பற்றிய ஓட்டோ அவனும் உட்கார்ந்திருக்க வேண்டும், அவனுக்கும் கை உண்டு. சரிசமமாக வந்தால் நீக்கக் கூடாது. கறுப்பர்களின் உதவிச் சங்கங்களின் வழக்கம் அது, நூமாவின் அப்பா காலத்திலிருந்து வருவது.

டிராம்போன்காரர் முதலில் பேசினார். "எவரிஸ்த், உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எனக்கு வயசு அறுபத்தஞ்சு. இன்னொரு தரம் ஜெயில் தாங்க மாட்டேன். நீ உக்காந்துட்டே வாசிச்சிருந்தா..."

"அவன் எந்திரிச்சது தப்புன்னா அந்தப் பாட்டை ஆரம்பிச்சது யாரு?" என்றான் ஓவிட்.

யாரும் நூமாவைப் பார்க்கவில்லை. நூமா காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

போக வேண்டும் என்று மூன்று கைகள் உயர்ந்தன. டிராம்போன், பியானோ, பாஸ். இருக்க வேண்டும் என்று ஓவிடும் பாஞ்சோக்காரரும் தூக்கினார்கள். நூமாவின் கை காப்பிக் கோப்பையிலேயே இருந்தது. எவரிஸ்த் தன் கையைத் தூக்கினாலே மூன்றுக்கு மூன்று. நாற்காலி அவனுடையது.

"மச்சான், நீங்க?" என்றான்.

"எனக்கு ஓட்டு வேண்டாம் மாப்ளே."

"வேண்டாம்னா? இருக்கணும்னு தூக்க முடியலையா, போகணும்னு தூக்க முடியலையா?"

"ரெண்டும்தான்."

"நாளைக்குத் தங்கச்சி மூஞ்சியில முழிக்கணுமேன்னு போகணும்னு தூக்கல. கெஸ்லர் மூஞ்சியில முழிக்கணுமேன்னு இருக்கணும்னும் தூக்கல. அவ்வளவுதானே?"

"முப்பது வருசம் வாழைத்தார் தூக்கினேன். இனிமே எதையும் தூக்குற தெம்பு எனக்கு இல்ல. நீ தூக்கு. உன் கை போதும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, சரி. அப்புறம் நான் எதக் கேட்டு வாசிக்கிறது?"

அடுப்பில் பீன்ஸ் பொங்கி வழிந்தது. ஓவிட் எழுந்து தணலைக் குறைத்தான். எவரிஸ்த் கையைத் தூக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று ஓட்டு முடிந்தது. ஓவிட் தட்டு வைத்தான், யாரும் சாப்பிடாமல் போவது அந்த வீட்டில் வழக்கமில்லை என்றான். எவரிஸ்த் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

"ஏன் தூக்கல?" என்று அன்றிரவு வீட்டில் கேட்டாள் லியோன்டீன்.

"உங்க அண்ணன் வாயத் தொறக்கல."

"அது பிறவிக் கோழை. கார்னெட்ட வாயில வச்சாத்தான் அதுக்கு வீரம் வரும். நான் உன்னக் கேக்குறேன். உனக்குக் கை இல்ல?"

"அவரு பக்கத்துலதான உக்காரணும் லியோன்டீன். வேணும்னும் சொல்லாத, வேண்டாம்னும் சொல்லாத ஆளு பக்கத்துல எப்படி உக்கார்றது?"

"உன் ரோஷத்த உலையில போட்டு வடிக்கவா?" என்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக அண்ணன் வீட்டுக்கு அனுப்பும் கம்போக் குழம்புச் சட்டியை அவள் அனுப்பவில்லை. அதற்குப் பிறகும் அனுப்பவில்லை.

எவரிஸ்த் மற்ற கறுப்பர் குழுக்களிடம் கேட்டுப் பார்த்தான். எல்லோருக்கும் அவன் வாசிப்பு தெரியும், எல்லோருக்கும் டுமைன் தெருக் கதையும் தெரியும். ஒரு தலைவர் வெளிப்படையாகவே சொன்னார்: "உங்கண்ணனுங்க எங்க போனாலும் வெள்ளைக்காரனா இருக்கானுங்க. நீ எங்க போனாலும் எங்களுக்கு வெள்ளைக்காரனா வந்து நிக்கிற." நூமாவின் குழுவில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் உட்கார்ந்தான். நல்ல கறுப்பு, சுமாரான வாசிப்பு. கெஸ்லர் பியானோவைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்தான்.

ஜனவரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு எவரிஸ்த் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது ஹார்ட்வெல் தேடி வந்தான். போர்பன் தெருவில் ஒரு கிளப்பில் வாசிக்கும் வெள்ளையர் குழுவின் தலைவன் அவன். சாரத்தின் கீழே நின்று அண்ணாந்து பேசினான்.

"எங்க கிளாரினெட்காரன் கலிபோர்னியாவுக்குப் போயிட்டான். போனா போறான், அவன் வாசிச்சதே உங்ககிட்ட களவாண்டதுதான். மண்டபத்துச் சன்னலுக்கு வெளிய நின்னு நாங்க ரெண்டு பேரும் களவாண்டிருக்கோம். அதுக்குப் பதிலா உங்களையே வச்சுக்கலாம்னு தோணுச்சு."

எவரிஸ்த் பூச்சுக் கரணையைத் துடைத்தான். "நான் யாருன்னு தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கேக்கல, நீங்க சொல்லாதீங்க."

"போலீஸ்?"

"போலீஸ் எதுக்கு வரும்? மேடையில ஏழு பேரு. ஏழும் வெள்ளை. பாத்தாலே தெரியுதே." ஹார்ட்வெல் சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. "ரோஷோன்னு மட்டும் வேண்டாம். அந்தப் பேரு ஏழாவது வார்டு முழுக்க இருக்கு."

வீட்டில் சொன்னபோது லியோன்டீன் வெகுநேரம் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நூலைக் கடித்து அறுத்தாள்.

"நான் வந்து கேக்க முடியுமா?"

"முடியாது."

"வழியில பாத்தா?"

அவன் விரலில் காய்ந்திருந்த பூச்சைச் சுரண்டினான்.

"உங்கம்மாவப் பொதைக்கிறப்ப நீ ஒருத்தன்தான் நடந்தே. அத நெனச்சுத்தான் உன்ன இத்தன வருசம் மதிச்சேன்" என்றாள். "போ. வாசிக்காம நீ வீட்டுல உக்காந்திருக்கிறதையும் என்னால பாக்க முடியல. ஆனா அங்க வைக்கிற பேர இந்த வாசல்படிக்கு இந்தப் பக்கம் கொண்டு வராத."

1958 பிப்ரவரி மூன்றாம் தேதி அவன் கிளப்பில் சேர்ந்தான். வாசல் பலகையில் ஹாரி ரோச் என்று எழுதினார்கள். ஹார்ட்வெலுக்கு வலப்பக்கம், விளக்குக்கு நேர் கீழே நாற்காலி. ஹார்ட்வெல் கார்னெட்டை நன்றாகத்தான் வாசித்தான், எல்லாச் சுரத்தையும் சரியாகவே வாசித்தான். மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் யாருக்கும் இடம் விடமாட்டான்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்ற சட்டம் நியூ ஆர்லியன்சில் அப்போது உண்மையாகவே மீறப்பட்ட மேடை அதுதான். அவன் ஆறு வருடம் அங்கே வாசித்தான். புகார் எதுவும் வரவில்லை. லியோன்டீன் அங்கே ஒருமுறையும் அவன் வாசித்துக் கேட்கவில்லை.